படமெடுத்த ரொட்டி

ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால் ஆணுக்கு முதலில் கெடுவது காது. (பெரியவர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அனுபவத்தில் நானே கண்டுபிடித்தது.) தேன்மொழி எதைச் சொன்னாலும் என் காதில் அது பாதிதான் விழும். மீதிப் பாதியை என் மண்டை தானே நிரப்பிக்கொண்டு, வாயைத் திறந்து "ஆமாங்க" என்று சொல்லிவிடும்.

செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவள் கணக்குப் பிரிவு, நான் இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவு. மதியம் கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தால் அவள் ஒரு மாயாஜாலத் தொடரைப் பற்றித்தான் பேசுவாள். கோட்டை, சூனியக்காரி, நாடு இழந்த இளவரசன் என்று சோறு ஆறும்வரை கதை போகும்.

"நீங்க பாக்குறீங்கதானே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"பாக்காம எப்படிங்க!" என்றேன்.

பார்த்தது முதல் பாகம் மட்டும். அதிலும் பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். நான் விழித்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பாதாளச் சிறையும், அதன் சுவரோரம் ஒரு பாம்பும் வந்தன. அந்தத் தொடரைப் பற்றிய என் மொத்த அறிவும் அந்தப் பாம்புதான்.

ஒரு வழியாக அவள் வீட்டில் என்னைப் பற்றிப் பேச்செடுத்தாள். சனிக்கிழமை சிகாமட்டுக்கு வரச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குத்தான் என்று பெயர். ஆளை எடைபோடத்தான் என்பது எனக்குத் தெரியாதா? வெறுங்கையோடு போகக்கூடாதே என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது.

"அந்த சீரிஸ்ல சமையல்காரன் செய்வானே, நாகா ரொட்டி, அத செஞ்சு கொண்டாங்க. அம்மாவுக்கு ரொட்டின்னா உயிரு."

"கண்டிப்பா! எனக்கும் அந்தக் காட்சிதான் ரொம்பப் பிடிக்கும்" என்று பதில் போட்டேன். வாய்தான் கெட்டது என்று பார்த்தால் விரலும் கெட்டிருந்தது.

நாக ரொட்டி. சரி, செய்துவிட்டால் போச்சு.

கூலாயில் அக்கா வீட்டில் ஓவன் இருக்கிறது. தீபாவளிக்குப் பலகாரம் சுட மட்டுமே அதைத் திறப்பாள். விடிந்ததும் விடியாததுமாக மாவும் ஈஸ்ட்டும் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். பிசைந்து, உருட்டி, சுருட்டி, தலையைத் தூக்கி நிறுத்தி உள்ளே வைத்தேன். வைத்தவனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"டேய் சரவணா, திறந்து திறந்து பார்த்தா எப்படிடா வேகும்? போய் உட்காரு!" என்று அக்கா கரண்டியால் கையில் ஒன்று போட்டாள்.

முதல் ரொட்டி, ஆட்டை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி உப்பிப்போய் வந்தது. தலை எது, வால் எது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்ததற்குள் சாத்தே இறைச்சி சுடும் மூங்கில் குச்சிகளைச் செருகி, படத்தை விரித்து நிறுத்தினேன். கண்ணுக்கு உலர்ந்த திராட்சை, நாக்குக்குச் சிவப்பு மிளகாய். பயத்தில் கூடுதல் நேரம் சுட்டதில் ரொட்டி கட்டையாகக் காய்ந்துவிட்டது. ஆனால் அச்சு அசல் நல்லபாம்பு. அக்காவே ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"அலமாக்! பொண்ணு பாக்கப் போறியா, பாம்பாட்டி வேலைக்குப் போறியா?"

"உனக்குத் தெரியாதுக்கா. இது ஃபேன்டஸி" என்றேன் பெருமையாக.

பெட்டியைக் காரின் முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன். படம் சாய்ந்துவிட்டதோ என்ற பயத்தில் யோங் பெங்கில் நிறுத்தித் திறந்து பார்த்தேன். லாபிஸில் நிறுத்திப் பார்த்தேன். அதற்கப்புறம் நிறுத்தவும் பொறுமை இல்லாமல், சிவப்பு விளக்கு விழுந்தபோதெல்லாம் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பச்சை விழுமுன்னே கிளம்பிவிட்டார்.

சிகாமட் வீட்டில் நல்ல வரவேற்பு. தேன்மொழியின் அப்பா, ரொட்டி வருகிறது என்று கேள்விப்பட்டு, காலையில் சாப்பிடாமலே காத்திருந்தாராம். கையில் கத்தி, பக்கத்தில் மார்ஜரின் டப்பாவோடு தயாராக இருந்தார். அம்மா எதிரே உட்கார்ந்தார். நான் மேசை நடுவே பெட்டியை வைத்து, மந்திரவாதி மாதிரி மூடியைத் தூக்கினேன்.

"அம்மா தாயே!" என்று எழுந்து கைகூப்பிவிட்டார் அம்மா. செருப்பைக் கழற்றப் போய், வீட்டுக்குள் செருப்பு போடவில்லை என்பது ஞாபகம் வந்து, என் பக்கம் திரும்பினார்.

"வெட்டலாமா?" என்றார் தேன்மொழியின் அப்பா.

"கத்திய கீழ வைங்க!"

அந்த வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு கதை இருந்தது. முன்பு ஒரு வெள்ளத்தில் நல்லபாம்பு ஒன்று உள்ளே வந்து, அலமாரி மேல் சுருண்டு கிடந்து, தண்ணீர் வடிந்ததும் யாரையும் தீண்டாமல் போய்விட்டதாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நாகம்மாவுக்குப் பால் ஊற்றிவிட்டு வருபவர் அந்த அம்மா.

தேன்மொழி ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "சிறகு எங்க?"

"பாம்புக்கு ஏதுங்க சிறகு?"

"நான் நாகான்னுதானே சொன்னேன்? டிராகன் லா!"

அப்போதுதான் உறைத்தது. மலாயில் நாகா என்றால் டிராகன். புவா நாகா, புவா நாகா என்று டிராகன் பழத்தைக் கிலோ கிலோவாக வாங்கித் தின்றே வளர்ந்தவன் நான். அவள் தமிழில் எழுதியதால் அதையும் தமிழாகவே படித்துத் தொலைத்திருக்கிறேன்!

அதற்குள் அம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு நாக தோஷமா? பரிகாரத்துக்குச் செஞ்சீங்களா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி!"

"ஜாதகத்துல ராகு எங்க இருக்காரு?"

ராகு எங்கே இருக்கிறார் என்று நான் எங்கே போய்த் தேடுவேன்? என் கார் சாவி எங்கே இருக்கிறது என்பதே அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. தோஷக்காரன் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் இந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. தேன்மொழி இனி எனக்கு இல்லை என்று நினைத்ததும் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் பாலோடு வந்தார். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ரொட்டியின் தலையில் ஊற்றினார்.

காய்ந்த ரொட்டி என்ன செய்யும்? அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது. தட்டில் ஒரு சொட்டுகூட நிற்கவில்லை.

"குடிச்சிருச்சு! ஏங்க, பாருங்க, குடிச்சிருச்சு!"

மிச்சமிருந்த பாலும் வந்தது. அதுவும் போன இடம் தெரியவில்லை. ஊறிய படம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, சரியாக என்னைப் பார்த்துத் தலை குனிந்தது.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயி உங்களுக்கு உத்தரவு குடுத்துட்டா தம்பி. இனிமே ஜாதகமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

தேன்மொழி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். சாப்பிட்டுக் கிளம்பும்போது கார்வரை வந்தவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எத்தனை பாகம் பாத்தீங்க?"

"ஒண்ணு."

"முழுசாவா?"

"...பத்து நிமிஷம்."

விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். அம்மாவும் நாகம்மாவும் சரி என்றாயிற்று. சொல்ல வேண்டியவள் சொல்லவில்லையே! லாபிஸில் நிறுத்தினேன், ரொட்டியைப் பார்க்க அல்ல, கைபேசியைப் பார்க்க. யோங் பெங்கிலும் நிறுத்தினேன். மன்னிப்பு எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வாங்கிய காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது.

"எனக்காகப் பொய் சொன்னீங்க, கோவம்தான். ஆனா எனக்காக யாரும் இதுவரைக்கும் பாம்பு சுட்டதில்ல. அடுத்த சனிக்கிழமை முதல் பாகத்துல இருந்து பாக்குறோம். தூங்கினா கல்யாணம் கிடையாது."

காப்பியைக் காரின் கூரையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் பாகத்தில் தூங்கினேன். (நாற்காலியிலிருந்து விழும்வரை அவள் எழுப்பவில்லை.) கல்யாணமும் நடந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் மாமியார் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி எழாது. ஒரு டம்ளர் பால் போன வருடம் ஒரு செம்பானது, இந்த வருடம் குடமாகிவிட்டது. தலை குனிந்த ரொட்டி இப்போது ஆசீர்வாதமே செய்கிறது. சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு "பாம்பு மாப்பிள்ளை" என்ற பெயர் நிலைத்துவிட்டது. கேட்பவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மாமனார் மட்டும் கதை முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து ஒவ்வொரு தடவையும் அதே குறையைத்தான் சொல்வார்:

"வீட்டுல இருந்த பால் பூரா பாம்புக்கு ஊத்திட்டா மாப்பிள்ள. அன்னைக்கு எனக்கு ரொட்டியும் இல்ல, பால் இல்லாத வெறும் தே ஓ தான்."