எட்டாவது படித்த என்ஜினியர்

அந்த நாட்டில் குடியேற விரும்புவோர் குறைந்தபட்சம் இரண்டு பட்டங்களாவது பெற்றிருத்தல் வேண்டும் என்பது அரசாங்க விதி. நம் என்ஜினியரிடம் மூன்று இருந்தன. கட்டடங்களுக்குத் தூணும் உத்தரமும் கணக்குப் போட்ட பதினெட்டு வருஷ அனுபவம் வேறு. ஆகவே விசா அவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது.

வந்து இறங்கிய பிறகுதான் இன்னொரு விதி தெரிந்தது. ஆறு மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளும் மனு தானாகவே ரத்தாகிவிடும். ஐந்து மாதத்தில் நூற்றுப் பத்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். "உள்ளூர் அனுபவம் இல்லையே" என்று நூற்றுப் பத்து பேரும் வருந்தினார்கள். வருத்தத்துக்கு மட்டும் அங்கே பஞ்சமே இல்லை.

கடைசியில் வேலைவாய்ப்பு ஆலோசனை அலுவலகத்துக்குப் போனார். ஆலோசகர் அம்மா அவருடைய விவரத்தாளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இவ்வளவு படிச்சா யாருங்க வேலை குடுப்பாங்க? இந்த மூணாவது பட்டத்தை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா?"

"இப்ப ரெண்டாவது துருத்திக்கிட்டுத் தெரியுது. அதையும் எடுத்துடலாம்."

அரை மணி நேரத்தில் முதல் பட்டமும் போயிற்று. வெங்காயம் உரிப்பதுபோல் அந்த அம்மா உரித்துக்கொண்டே போனார். கண்ணில் தண்ணீர் என்னவோ என்ஜினியருக்குத்தான் வந்தது. எட்டாம் வகுப்பில் நிறுத்தினார்.

"இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு. கையெழுத்துப் போடுங்க. இனிமே இதுதான் உங்க பதிவு."

மறுநாளே சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. "பெரிய நிறுவனம், பளு சம்பந்தப்பட்ட பொறுப்பு" என்று மனைவியிடம் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் எதேச்சையாக அண்ணாந்து பார்த்தார். கூரையின் இரும்பு உத்தரம் நடுவில் தொய்ந்து, சுவரோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. மேற்பார்வையாளரிடம் ஓடினார்.

"சார், அந்த உத்தரம் ரெண்டு மாசம்கூடத் தாங்காது."

"நீ என்ன படிச்சிருக்கே?"

மனுவும் மனைவியும் மகளும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"எட்டாவது, சார்."

"அப்பப் பெட்டியைப் பாரு. கூரையைப் பார்க்க மேலே ஆளுங்க இருக்காங்க."

திரும்பி வந்தால், கூடப் பெட்டி தூக்கும் நாலு பேரும் சாப்பாட்டு பெஞ்சை உத்தரத்துக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அதே ஆலோசகர் அம்மா கையால் உரிபட்டவர்கள்.

"நான் ஏழாவதுதாங்க," என்றார் ஒருவர். "ஆனா இந்தப் பளுவை நீளத்தால பெருக்கிப் பார்த்தா..." என்று ஆரம்பித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

என்ஜினியருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார்.

ஒரு விடுமுறை நாளில் உத்தரம் விழுந்தது. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. விசாரணைக் குழு கூடி, மூன்று வாரம் தேநீர் அருந்தி, பின்வருமாறு கண்டறிந்தது: "தகுதி வாய்ந்த பொறியாளர்கள் இந்நாட்டில் இல்லாமையே விபத்துக்குக் காரணம். வெளிநாடுகளிலிருந்து அன்னார் உடனடியாகத் தருவிக்கப்படுவார்களாக."

என்ஜினியர் ஆலோசகர் அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, நான் இங்கேயே இருக்கேனே."

அவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "நீங்க எட்டாவதாச்சே."

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"கையெழுத்து உங்களோடது. இப்ப மூணு பட்டம் இருக்குன்னா, அப்பச் சொன்னது பொய்னு ஆயிடும். பொய் சொன்னவங்க குடும்பத்தை அழைச்சுக்க முடியாதுங்க."

என்ஜினியர் வீடு வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலம் ஊரிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

"எங்க விசா வந்துடுச்சுங்க. அப்புறம், என் தம்பி ஒரு விளம்பரம் பார்த்தானாம், அங்க என்ஜினியருங்களைத் தேடித் தேடிக் கூப்பிடுறாங்களாமே? அவன்கிட்ட ரெண்டு பட்டந்தான் இருக்கு. இன்னொண்ணும் படிச்சுட்டே கிளம்பட்டுமான்னு அத்தான்கிட்ட கேக்கச் சொன்னான்."

என்ஜினியர் பெட்டி தூக்கி வலித்த தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"படிச்சுட்டே வரச் சொல்லு," என்றார். "இங்க படிச்சவங்களுக்கு ரொம்பக் கிராக்கி."