சிவப்பு மூடித் தொட்டிக்காக டெஸ்மண்ட் தொடுத்த போர்

வாங்க செல்வங்களா, நெருங்கி உட்காருங்க. கால் வலிச்சா நீட்டிக்கலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ரெண்டு மாநிலம் முட்டிக்கிற நம்ம ட்வீட் ஹெட்ஸ் ஊரில் போன கோடையில் நடந்த ஒரு மாபெரும் போரை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஒரு சொட்டுக் குருதி சிந்தாத போர்தான். ஆனாலும் முடிவில் ஒருவர் முகத்தில் ஈயாடவில்லை.

வாழி டெஸ்மண்ட் ஹார்கிரேவ்! முப்பத்தோராண்டு பேருந்தோட்டிய திண்தோளன்; அரைக்கால்சட்டை அணிந்த அரிமா; வெயில்பட்டு மின்னும் வழுக்கையையே மணிமுடியாய்ச் சூடிய ஓய்வூதியப் பெருவேந்தன்; ரப்பர்ச் செருப்பு சப்புச்சப்பென முரசறைய நடக்கும் வேழம்! சொல்லுக்குரிய தாயே, இவன் வெஞ்சினத்தைப் பாட என் பல்லில்லா வாய்க்கு வலிமை கொடு.

சினத்துக்குக் காரணம் என்னவென்று கேட்பீர்கள். செவ்வாய்தோறும் காலையில் குப்பை லாரி வந்து, வாசலில் வைத்த சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியைக் காலிசெய்து போனபின், வெறுந்தொட்டியின் அடியாழத்தில் எவனோ ஒரு பாதகன் நாய்மலப் பொட்டலம் ஒன்றை எறிந்துவிட்டுப் போகிறான். அது அடியில் ஒட்டி, நம்மூர் நடுக்கோடையான ஜனவரி வெயிலில் வெந்து, ஏழுநாளும் ஏழுலகமும் நாறும். மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே கத்திப்பார்த்த மாவீரன் நான்காம் வாரம், புல்தரையில் பந்துருட்டும் பௌல்ஸ் சங்கத்தின் நடுக்கூடத்தில் எழுந்து நின்று, "அவன் எவனா இருந்தாலும் சரி, இனி அவன்கூட ஒரே மேசையில உட்கார மாட்டேன்! இது என் வாக்கு!" என்று முழங்கினான். அருகிலிருந்து கைதட்டியவர் காலின் முல்க்கே. எதிர்வீட்டுக்காரர், இருபத்திரண்டு ஆண்டாய் டெஸ்மண்டின் ஆட்டத்துணை, அடுத்த வாரச் சனிக்கிழமை இரட்டையர் இறுதியாட்டத்தில் அவனோடு பந்துருட்ட வேண்டியவர்.

வீட்டை முன்பு ஆண்டவர்கள் கூரையோரத்தில் விட்டுப்போன பழங்கேமராக்கள் நான்கு இருந்தன. விரல்தடிமன் கம்பிகளை வாலாய்த் தொங்கவிட்டுக்கொண்டு, காண்பதைச் சொல்ல வாயின்றி அவை ஊமைக்காவலராய் நின்றன. அவற்றுக்கு நாவளிக்க வல்லது வீடியோ சர்வர் என்னும் இரும்புப்பெட்டி. பழங்கேமரா காண்பதைக் கணினிக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் துபாஷி அது. குப்பைமேட்டுப் பழங்கடையில், உடைந்த சைக்கிளுக்கும் கைபோன பொம்மைக்கும் நடுவே துயின்றுகொண்டிருந்த அப்பெட்டியை, கடலடியில் கண்ட நன்முத்தாய் நெஞ்சோடணைத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தான் நம் வீரன்.

பெட்டியோ முந்தைய எசமானின் கடவுச்சொல்லையன்றி எதற்கும் இணங்காத கற்புடையதாயிருந்தது. அதன் நினைவை அழிக்க வழி ஒன்றே: முதுகிலுள்ள ஊசித்துளையில் குத்தியபடியே மின்சாரத்தைச் செருகி, விளக்கு மஞ்சளாகும்வரை பத்து நொடி விடாது அழுத்த வேண்டும். மனைவி ஃபேயின் கொண்டையூசியை வேலாய் ஏந்தினான். முதல் தாக்குதலில் வேல் வளைந்தது. இரண்டாவதில் ஒன்பது எண்ணும்போது தும்மல் வந்தது. மூன்றாவதில், மடைதிறந்த வெள்ளமாய் வியர்வை பெருக, பல்லால் மின்செருகியைக் கவ்விப் பொருத்தி, முழங்காலால் பெட்டியை நெரித்து, பத்து எண்ணி முடித்தான். மஞ்சள் ஒளி மலர்ந்தது! அண்டை வீட்டுக் கிளிகள் அலறிப் பறந்தன.

ஆயினும் திரையில் தோன்றிய தெரு, அருவி தலைகீழாய்ப் பாய்வதுபோல் மேல்நோக்கி உருண்டோடிக்கொண்டேயிருந்தது. பெட்டி அமெரிக்கப் படமுறைச் சம்பிரதாயத்தில் வளர்ந்தது. அதை நம் நாட்டு முறைக்குத் திருப்ப இரண்டு நாள் ஆயிற்று. கடைசியாகப் பெட்டி பணிந்து, "மணி என்ன?" என்று கேட்டது. மாவீரன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான், பார்த்தான், பதித்தான். அது எத்தகைய கேடு என்று அப்போது அவன் அறியான்.

செவ்வாய் வந்தது. சிற்றுண்டி முடித்த சிங்கம் பதிவைத் திறந்தது. தூறலில் நனைந்த தெரு. லாரி போகிறது. ஆறு பத்துக்கு ஓர் உருவம்: காலினின் அகலத்தொப்பி, காலினின் மழைக்கோட்டு, காலினின் தடிநாய் டக்கர். கை நீள்கிறது, மூடி திறக்கிறது, பொட்டலம் விழுகிறது!

சப்புச்சப்பெனச் சாலையைக் கடந்தான் டெஸ்மண்ட். சாலைக்கு அந்தப் பக்கம் குயின்ஸ்லாந்து, வேறு மாநிலம். கோடையில் அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி பின்னால் நிற்கும்.

"துரோகி! ஆறு பத்துக்கு என் தொட்டிகிட்ட நின்னது நீதானே? படமே இருக்கு!"

வாயில் ரொட்டியோடு நிமிர்ந்தார் காலின். "ஆறு பத்துக்கு நான் கடல்ல நீந்திட்டிருந்தேன். நீச்சல் சங்கத்து ஆளுங்க முப்பது பேர் சாட்சி. பத்தலைன்னா சுறாவைக் கேளு."

"அது உன் ஊர் ஆறு பத்து! என் ஊர் ஆறு பத்துன்னா உனக்கு அஞ்சு பத்து. போட்டுட்டுப் போய்தான் நீந்தியிருக்கே!"

காலின் ரொட்டியைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டு வருஷம், டெஸ். என்னைப் பாத்தா இதைக் கேக்குறே? சரி, அந்தப் படத்தைக் காட்டு. பாத்துட்டுப் போயிடறேன். சனிக்கிழமைக்கு வேற ஆளைத் தேடிக்க."

சிவந்த முகங்களோடு இருவரும் ஷெட்டுக்குள் புகுந்தனர். படம் ஓடிற்று. மழைக்கோட்டைக் கண்டதும் காலினின் கோபம் எங்கோ போயிற்று. கூரையைப் பார்த்து மெல்லச் சீட்டியடிக்கத் தொடங்கினார்.

"என்ன சத்தம்?" என்று தேநீர்க் கோப்பையோடு வந்தாள் ஃபே. திரையைப் பார்த்தாள். "லாரி ஆறு ரெண்டுக்கா வருது? நம்ம தெருவுக்கு என்னைக்கு ஏழுக்கு முன்னாடி வந்துச்சு? எதைப் பாத்து மணி வெச்சே?"

"போனை."

"ஷெட்டுல போனா! அது எதிர்ப்பக்கத்து டவரைப் பிடிச்சு அவங்க மணியைக் காட்டும்னு இந்தத் தெருவுல குழந்தைக்குக்கூடத் தெரியுமே! சமையல்கட்டுக் கடிகாரம் எதுக்கு மாட்டியிருக்கு?"

"அப்ப இது நம்ம ஏழு பத்து..." மாவீரன் விரல்விட்டு எண்ணினான். "காலின் கடல்ல... நான் குளியலறையில... அப்ப இது யாரு?"

"நான்தான்."

இடியுண்ட நாகம்போல் நின்றான் டெஸ்மண்ட்.

"காலினுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு, டாக்டர் தினம் நீந்தச் சொன்னாரு, அந்த நேரம் டக்கரை நான் நடத்துறேன்னு கிறிஸ்துமஸுக்கு மறுநாளே சொன்னேன். நீ கிரிக்கெட் பாத்துட்டே ம்ம்னு சொன்னே. மழை வந்தா அவர் தொப்பி, கோட்டைப் போட்டுக்குவேன். பொட்டலத்தை என் வீட்டுத் தொட்டியில போடாம வேற யார் வீட்டுல போடுறது?"

"நாலு வாரமா நான் கத்துறேனே! அப்பவே சொல்லக்கூடாதா?"

"கத்துறது எதுக்குன்னு யார் கேட்டா? நீ கத்தாத நாள் எது?"

காலின் சிரிப்பை அடக்க முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இனி ஃபேகூட ஒரே மேசையில உட்கார மாட்டியாமே! பாவம், எங்கே சாப்பிடுவே?"

டெஸ்மண்ட் கைநீட்டிப் பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கினான். பிறகு, நான்கு வாரம் முழங்கிய அதே வாயால், தரையைப் பார்த்தபடி, "தப்பு என்மேலதான், காலின்" என்றான்.

"சரி விடு. சனிக்கிழமை வா. ஆனா மணி என்னன்னு ஃபேகிட்ட கேட்டுட்டுக் கிளம்பு."

டெஸ் பின்பக்கம் போய், குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவினார்.

அவ்வளவுதான் செல்வங்களா. உங்க வீட்டில் சொல்றவங்களுக்கு நல்ல வாயும், கேட்கிறவங்களுக்கு நல்ல காதும் குறைவில்லாம இருக்கட்டும்.