இருவர் படுக்கும் டென்ட்

பேசியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். வேறு யாரோடும் இல்லை, என் சொந்தப் பெண்டாட்டியோடுதான்.

சிரிக்காதீர்கள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நிரந்தர ராத்திரி டூட்டி. நான் லிஃப்ட் மெக்கானிக், பகல் வேலை. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது நான் ஷூ மாட்டிக்கொண்டிருப்பேன். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்", "கேஸ் தீரப்போகுது". எங்கள் தாம்பத்தியம் இந்த ரெண்டு வாக்கியத்தில்தான் ஓடுகிறது. நாள் முழுக்க என்னோடு பேசுகிற ஒரே பெண்குரல் லிஃப்டுக்குள் இருக்கிற குரல். அதுவும் "கதவு மூடுகிறது" என்றுதான் சொல்லும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்தக் குரல்கூடக் கிடையாது.

அதனால்தான் காடு. அங்கே போன் எடுக்காது, வார்டிலிருந்து கூப்பிட முடியாது. தப்பி ஓடலாமென்றால் பஸ்ஸும் மறுநாள்தான். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, இருவர் படுக்கும் டென்ட் ஒன்றும் வாங்கி வந்தேன். வாய் திறக்காமல் எங்கே போய்விடுவாள்?

கிளம்புகிற அன்று காலை டூட்டி முடிந்து வந்தவள், நான் கட்டிவைத்த பையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள்.

"இது எதுக்கு?"

"செஸ் போர்டு. எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாம்."

"கனம். இது?"

"நம்ம கல்யாண ஆல்பம்."

"கரடிக்குக் காட்டவா?"

"பேச்சுவாக்குல எடுத்துப் பார்க்கலாமேன்னு..."

"எடுத்து உள்ள வைங்க."

உள்ளே என்றால் பைக்குள் இல்லை, பீரோவுக்குள்.

பதிலுக்கு அவள் வைத்ததைக் கேளுங்கள். தலையணை. இன்னொரு தலையணை. கண்ணைக் கட்டிக்கொள்ளக் கறுப்புத் துணி. காதுக்குப் பஞ்சு.

"பஞ்சு எதுக்கும்மா? காட்டுல சத்தமே இருக்காதே!"

"நீங்க இருப்பீங்களே."

உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். எவ்வளவு நாளாச்சு, நாங்கள் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசி!

"ஏங்க, புது டென்ட். அங்க போய் முழிச்சிட்டு நிக்கக் கூடாது. இங்கயே ஹால்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமா?"

பார்த்துடலா'மா' என்று என்னிடம் அனுமதி வேறு கேட்கிறாள்! உருகிப்போய்விட்டேன். சோபாவைச் சுவரோரம் தள்ளி, வேர்க்க விறுவிறுக்க டென்டை நிறுத்தினேன். ரெண்டு தலையணைகளோடும் உள்ளே நுழைந்தாள். சர்ரென்று ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"சொர்க்கம்."

"நானும் வரட்டுமா?"

"இடம் இல்லைங்க."

"ரெண்டு பேர் படுக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரே!"

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்தவளை அவர் பார்த்திருக்க மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். நடுவில் மெல்லிய துணிதான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெரியவர், கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத கதையை அவளுக்குச் சொன்னேன். சொல்லவேண்டும் என்று மாசக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த கதை. உள்ளேயிருந்து ஒரு 'உம்' கூட வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பதறிப்போய் டென்டைத் தட்டினேன்.

"ஏம்மா, பஸ்ஸுக்கு நேரமாகுது. டிக்கெட் வீணாப் போயிடும்!"

"போகாதுங்க. நேத்தே கேன்சல் பண்ணிட்டேன்."

"ரெண்டையுமா?"

"சேச்சே, என்னோடதை மட்டும்தான். ஆசைப்பட்டு எடுத்தீங்களே, நீங்க பத்திரமா போயிட்டு வாங்க."