காரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் விஷயமாக

காரைக்குடி
19-10-1997

மரியாதைக்குரிய அண்ணன் மரியசூசை அவர்களுக்கு,

தங்கை சகாயராணி வணங்கி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் சிவகங்கையில் நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் சுகத்துக்கு என்ன குறை. புருசன் போய் ஏழு மாதம் ஆகிறது, சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் போட்ட இரண்டு இன்லண்டு கடிதமும் கிடைத்தது. முதல் கடிதத்தில் ஆறுதல் நாலு வரி, கார் பதினாறு வரி. இரண்டாவதில் ஆறுதல் தீர்ந்துபோய்விட்டது, முழுக்கக் கார்தான். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால், ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் சிவப்பு மையை எடுக்காமல் படிக்க வேண்டும்.

கணவனை இழந்த பெண் வீட்டில் கூரையில்லாத சிவப்புக் கார் நிற்பது குடும்பத்துக்கு அழகில்லை, உடனே கொடுத்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அதோடு நிற்காமல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நாராயண் தம்பிக்குச் சம்மதக் கடிதமும் போட்டுவிட்டீர்கள். நாராயண் தம்பி யார் என்றால், அந்தக் காரைப் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பெரிய வீட்டுச் செட்டியார் அப்பச்சியின் பேரன். அப்பச்சி இருக்கும்போதே அது ஓடாமல் கொட்டகையில் நின்று, கோழி முட்டையிடும் இடமாகிவிட்டது. அவர்கள் வீட்டுத் தண்ணி மோட்டாரைச் சரிசெய்யப் போன உங்க மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கவும், கோழியை இங்கே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று பெரியவர் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பதினாறு வருசம், புதுவயல் மில்லில் வேலை முடிந்து வந்த சாயங்காலமெல்லாம் அந்த மனுசன் அதன் அடியில்தான் படுத்திருந்தார். எஞ்சினைக் குடைந்து பெரிசாக்கினார். ஒரு கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார். மில்லில் கழித்த குழாயை வளைத்துச் சைலன்சர் பண்ணினார். பண்ணி முடித்து, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், பூசை முடிந்து வருகிறவர்களை வழிமறித்தும், "நூறு குதிரை சக்தி" என்று சொன்னார்.

அந்த நூறில்தான் இப்போது வினை. நாராயண் தம்பி அவர்களுடைய பெரிய வீட்டை வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டலாக மாற்றுகிறார். கோயம்புத்தூரில் பந்தயக் கார் பட்டறை ஒன்றில் ஒரு மிஷின் இருக்கிறதாம். பெரிய இரும்பு உருளை மேல் பின்சக்கரத்தை ஏற்றி, காரைச் சங்கிலி போட்டுக் கட்டி, முழு வேகத்தில் ஓட்டினால் எத்தனை குதிரை என்று காகிதத்தில் அடித்துக் கொடுக்குமாம். நூறு வந்தால் கதவில் அருள்சாமி என்று உங்க மச்சான் பேரை எழுதி, பழைய கார்ப் பந்தயத்துக்கெல்லாம் ஓட்டிப்போவாராம். வராவிட்டால் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டல் வாசலில் நிறுத்தி, எஞ்சின் இருந்த குழியில் பூந்தொட்டி வைப்பாராம். குரோட்டன்ஸ் என்று செடியின் பேர் முதற்கொண்டு முடிவு பண்ணி வைத்திருக்கிறார். கார் முழு வேகத்தில் ஓடும் ஆனால் இருந்த இடத்தைவிட்டு அசையாது என்றதும் எனக்கு நம் குடும்பத்து ஆம்பளைகள்தான் ஞாபகம் வந்தார்கள். இவர் செத்த வீட்டில் எல்லாரும் அப்படித்தானே வேலை பார்த்தீர்கள். அண்ணன், கார் போகட்டும். ஆனால் செத்த மனுசன் பொய்யன் என்று காகிதத்தில் அடித்து, அதற்கு மேல் செடியும் வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவதை நான் எந்தக் கண்ணால் பார்ப்பது. அதனால்தான் காரை நல்லபடியாகத் தயார் பண்ணி அனுப்பவாவது செய்வோம் என்று இறங்கினேன். இறங்கியது தப்பு.

கோயம்புத்தூரிலிருந்து என்னென்ன தயார் பண்ண வேண்டும் என்று இங்கிலீசில் ஒரு லிஸ்டு வந்தது. அதைப் படிக்க என் கொழுந்தன் லூர்து பிரகாஷ் வந்தான். அவன் வக்கீல் குமாஸ்தா. தன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வர அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை, லிஸ்டு என்றதும் காதில் பேனாவோடு வந்துவிட்டான். ஒவ்வொன்றாகப் படிப்பான், டிக் அடிப்பான். ஆயில் ஒழுகக் கூடாது என்று போட்டிருந்தது. அடியில் இரண்டு சாக்கை விரித்தான், தரையில் ஒழுகல் இல்லை என்று டிக் அடித்தான். நாலு டயரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவன் கோர்ட்டுக்குப் போகும் பூட்சுக்கு வைத்திருந்த பாலீசைக் கொண்டுவந்து நாலுக்கும் தேய்த்தான், டிக். வண்டிக்குள் கழன்று கிடக்கிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. உங்க மச்சானின் பனியன், துடைக்கிற துணி, ஒரு முழ நீள ரப்பர் குழாய் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டான், அதற்கும் டிக். புதுவயலில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற கோட்டைச்சாமி, அவர் உங்க மச்சானுக்குக் கூடப் பிறக்காத தம்பி மாதிரி, அவர்தான் உண்மையிலேயே ஆயிலை மாற்றி, பெல்ட்டை இறுக்கி, சக்கர நட்டெல்லாம் பார்த்தார். டிக் என்னவோ பிரகாஷ்தான் அடித்தான்.

எல்லாம் முடிந்து வண்டியும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மந்திரிக்காமல் வண்டியை வெளியூர் அனுப்பக் கூடாது என்று பங்குச் சாமியாரை அழைத்துவந்தோம். அவர் வழக்கம்போல முன்மூடி மேல் தீர்த்தம் தெளிக்கப் போனார். பிரகாஷ் தடுத்துவிட்டான். "தகரத்துக்கு எதுக்கு சாமி ஆசீர்வாதம்? ஓடப்போறது எஞ்சினு. தெறந்து விடுறேன், நேரா அதுல போடுங்க" என்றான். சாமியார் புதிதாகப் பட்டம் வாங்கி வந்த பிள்ளை, அவருக்குப் பூசைப் புத்தகத்தில் கார் எஞ்சின் எந்தப் பக்கம் என்று தெரியாது. பிதாவுக்கு ஒரு தரம், சுதனுக்கு ஒரு தரம், பரிசுத்த ஆவிக்கு ஒரு தரம் தெளித்தார். வண்டி அதுவரை தாங்கியது. அப்புறம் பிரகாஷ், எங்க அண்ணன் பேருக்கு ஒண்ணு என்று செம்பை வாங்கி மிச்சத் தீர்த்தத்தை ஒரே ஊற்றாக ஊற்றினான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு இருமல் இருமி, ஒரு தரம் உடம்பை உலுக்கி நின்றுவிட்டது. அண்ணன், மார்ச் மாதம் அவரும் அப்படித்தான் நின்றார். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டோம்.

கோட்டைச்சாமி மட்டும் அசரவில்லை. "உங்க சாமி நிப்பாட்டுனதை எங்க சாமி கெளப்பிவிடும் மதினி, கவலைப்படாதீக" என்று நாலு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். பழம் நசுங்க வேண்டுமென்றால் வண்டி நகர வேண்டுமே. தெருவில் ஆறு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினார்கள். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது நசுங்காமல் தப்பித்து ஓடிவிட்டது, அது சகுனம் சரியில்லை என்று மறுபடி பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் தள்ளினார்கள். ஆக, அன்றைக்கு அந்தச் சந்தில் ஆறு குதிரை சக்தி இருந்தது உறுதி.

அதற்குப் பிறகு மூன்று நாள் வீடு வைத்தியசாலைதான். வருகிறவன் எல்லாம் வைத்தியன். ஒருத்தர் பிளக்கை மாற்றினார். அடுத்தவர் மாற்றியதைத் திரும்ப மாற்றினார். கார்ப்பரேட்டர் திருகை ஆளுக்கொரு திருப்பு திருப்பி, எது எங்கே இருந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் பண்ணினார்கள். பெட்ரோலில் தீர்த்தம் கலந்திருக்கும் என்று பிரகாஷ் கண்டுபிடித்து, வெளியே கிடந்த அந்த ரப்பர் குழாயை எடுத்து டாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சினான். இரண்டு மடக்கு உள்ளே போய்விட்டது. நாள் முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் வர பயந்துகொண்டிருந்தான். மற்ற எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் குழாயைப் பார்த்ததும் மட்டும் பிடுங்கி, சோப்புப் போட்டு மூன்று தண்ணியில் கழுவிக் கொடியில் போட்டேன். மதினிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவன் கோட்டைச்சாமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நேற்று நாராயண் தம்பி வந்தார். வண்டி செத்துக் கிடப்பதைப் பார்த்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, பையிலிருந்து டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்து குறித்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. "பொட்டிக்கா தம்பி அளவெடுக்கிறீக?" என்று கேட்டுவிட்டேன். அவர், "சும்மா ஒரு இதுக்குத்தாம்மா, வாசல்ல எடம் பத்துமான்னு" என்றார். மிஷினில் ஏற்றவே இல்லை, அதற்குள் வாசலுக்கு அளவு. முந்தானையைச் சொருகிக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் அங்குட்டுப் போங்க" என்றேன். பிரகாஷ் சிரித்தான். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற கறுப்பு மூடி ஒன்று உண்டு, அதைக் கழற்றினேன். உள்ளே தீர்த்தம் அப்படியே நின்றது. மூன்று நாளாக ஒருத்தர் அதைத் திறந்து பார்க்கவில்லை. துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டி, கோட்டைச்சாமியைச் சாவி போடச் சொன்னேன். கிளம்பியது. ஆனால் தொண்டை கட்டின மாதிரி சத்தம். கொடியில் கிடந்த குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்ப்பரேட்டர் வாயில் வைத்தேன், அப்புறம் இரண்டாவதில். இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விட வேண்டும், விடவில்லை. திருகைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று திருப்பிக்கொண்டே வந்தேன். இரண்டு மூச்சும் ஒன்றாகச் சேர்ந்ததும் வண்டி தானாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் காலத்துச் சத்தத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு ஓடிவந்து, யார் வந்திருப்பது என்று எட்டிப் பார்த்தாள்.

கோட்டைச்சாமி வண்டியைவிட்டு இறங்கி வந்து குழாயைப் பார்த்தார். அப்புறம், "மதினி, ஊர்ல அத்தனை ஜீப்பும் காரும் அண்ணன் காதாலயே பாத்துக் குடுத்தாகளே..." என்று இழுத்தார்.

"அந்தக் காது ஏங் காதுதேன்" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும். மில் சத்தத்தில் உங்க மச்சானுக்குப் பதினொரு வருசத்துக்கு முன்னாலேயே இரண்டு காதும் போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்தோம். வாய் அசைவதைப் பார்த்துப் பதில் சொல்லிச் சமாளித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வண்டிக்கு நான் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு விரலைக் காட்டுவேன், அவர் திருகுவார். தெருவில் போகிறவன், பார் பொண்டாட்டியை வைத்து வேலை வாங்குகிறான் என்று சொல்லிப்போவான். உங்கள் மகள் கல்யாணத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டீர்கள், திரும்பவில்லை, மில்காரனுக்கு வந்த திமிரைப் பார் என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். திமிர் இல்லை அண்ணன், காது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் உதட்டைப் பார்க்கவும் அவருக்குக் கண் தெளியவில்லை. அப்போது இந்தக் குழாயை அவர் காதில் வைத்து மறுமுனையில் நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

ஆக, வண்டி தயார். புதுவயலிலிருந்து அரிசி ஏற்றிப்போகும் லாரி ஒன்றில் புதன்கிழமை கோயம்புத்தூர் போகிறது. கூடப் பிரகாஷும் கோட்டைச்சாமியும் போகிறார்கள். பட்டறைக்குப் பெண்கள் போவது முறையில்லை என்று நீங்கள் எழுதியபடி நான் போகவில்லை. நூறு வந்தாலும் வராவிட்டாலும் வண்டியை நாராயண் தம்பியிடமே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. உங்கள் கௌரவத்துக்கு என்னால் குறை வராது.

மதினிக்கு என் அன்பு. அவர்களுடைய முழங்கால் வலிக்கு இங்கே வேண்டிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் பொறுமையும் கொடுக்கட்டும், எழுதுகிறதற்கு முன்னால் ஒரு தரம் யோசிக்கிற புத்தியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்குக் கீழ்ப்படிந்த தங்கை,
சகாயராணி

பின்குறிப்பு (11-12-1997): இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. முடிவு தெரியட்டும் என்று ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தேன். மேலே உங்கள் சொல்படி என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டுப் படியுங்கள். நான் கோயம்புத்தூர் போனேன். லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், பிரகாஷை அரிசி மூட்டை மேல் ஏற்றிவிட்டோம். மிஷினில் எழுபத்தெட்டு வந்தது. இந்த எஞ்சின் புதிதாக வந்தபோது ஐம்பதைத் தொட்டிருந்தாலே பெரிசு, இதை யார் செய்தது என்று மிஷின்காரர் மூன்று தரம் கேட்டார். ஆனாலும் மீதி பொய்தான். இருபத்திநாலு வருசம் குடித்தனம் பண்ணினவளுக்குத் தெரியும், ஆம்பளை பேச்சில் இவ்வளவு பொய் கம்மி. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றி, எழுபத்தெட்டு என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன், காது இப்போது எப்படி இருக்கிறதோ.

நூறு வரவில்லையே அம்மா, அப்ப வாசலுக்குத்தான் என்றார் நாராயண் தம்பி. மிஷின்காரர் காகிதத்தில் எழுத உடைமைக்காரர் பேர் கேட்டார். பிரகாஷ் வண்டிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். வண்டி ஆரம்பத்திலிருந்தே என் பேரில்தான் இருக்கிறது, எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு அது முன்னமே தெரியுமாம், பெரியவர்கள் பேசி முடித்ததில் குறுக்கே எதற்கு என்று இருந்துவிட்டானாம். கொடுப்பதற்கு இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு, அதே லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததும் இங்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் சேர்ந்தேன். நேற்று லைசென்ஸ் கைக்கு வந்தது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லல் வழியாக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மதினியைத் தலையை நன்றாகப் பின்னிக்கொண்டு வாசலில் நிற்கச் சொல்லுங்கள், காற்று அடிக்கும். வேளாங்கண்ணி போகிறோம். வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்.