ஆறு விட்டுப்போன முந்நூறு கன்றுகள்

எல்லாவற்றையும் திகதி போட்டுக் குறித்து வைப்பவனுக்கு ஒரு வியாதி வரும்: தான் குறித்த மாதிரித்தான் உலகம் நடக்கும் என்று நம்பத் தொடங்கிவிடுவான். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் எங்கள் ஊர்க் கண்டல் காட்டுச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். (கூட்டக் குறிப்பு எழுத வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் உண்மைக் காரணம்.)

பழுகாமத்துக்குக் கிட்ட, வாவியின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். (வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள்.) கரையோரச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் காடு அரசாங்கத்துடையது. அதற்குள் இறங்கித்தான் எங்கள் ஆட்கள் நண்டும் இறாலும் பிடிக்கிறார்கள். அதில் ஒரு துண்டு வெட்டுப்பட்டு வெளியாகக் கிடந்தது. வன அதிகாரி வந்து நேராகவே சொன்னார்: "இந்தத் துண்டில நீங்களே கன்று நட்டுக் காட்டுங்க. திங்கட்கிழமை வந்து பாப்பன். சரியெண்டா காட்டைப் பாக்கிற பொறுப்பைச் சங்கத்துக்கு எழுதித் தாறன். இல்லாட்டி வேலிதான்."

வேலி வந்தால் நண்டும் இல்லை, இறாலும் இல்லை.

கண்டல் கன்றைத் தண்ணீர் விளிம்பில் நடவேண்டும் என்று புத்தகங்களில் படித்திருந்தேன். எந்த விளிம்பு என்பதுதான் கேள்வி. மாரியில் வாவி நிரம்பி வயல் வட்டைகளுக்குள் ஏறினால், கடலோரம் அடைத்துக் கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். முகத்துவாரம் வெட்டுவது என்போம். வெட்டினால் வாவி மளமளவென்று வற்றும். ஆனால் நான் திகதி குறித்துவரும் கொப்பியின்படி பதினொரு வருடமாக மார்கழிக்கு முன் ஒருமுறைகூட வெட்டியதில்லை. அப்போது கார்த்திகை.

வெள்ளிக்கிழமை காலை நான் கயிறு கட்டி வரிசை பிடித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் நண்டுக்கூடு வைத்துக்கொண்டிருந்த மகேஸ்வரி அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, வட்டைக்குள்ள தண்ணி ஏறிற்று. இண்டைக்கோ நாளைக்கோ வெட்டிருவாங்க. இன்னும் தண்ணிப் பக்கமாத் தள்ளி நடுங்க."

நான் குடைக்குள் கொப்பியை விரித்தேன். "அக்கா, பதினொரு வருசக் கணக்கு இஞ்ச இரிக்கி."

"கணக்கு உங்கட கொப்பிக்குள்ள இரிக்கி. தண்ணி வட்டைக்குள்ள இரிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு, முந்நூறு கன்றையும் என் கோட்டிலேயே நடுவித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: திகதி, நேரம், கரைக்கட்டிலிருந்து தூரம். (ஒரு கன்றின் பிறந்த நேரம் தெரிந்து யார் சாதகம் பார்க்கப் போகிறார் என்று அப்போது தோன்றவில்லை.)

அன்று பின்னேரமே முகத்துவாரம் வெட்டினார்கள். ஞாயிறு காலை சங்கத் தலைவர் தவராசா அண்ணன் போன் எடுத்தார்.

"செயலாளர், கெதியா வாங்க. உங்கட கன்றெல்லாம் இரிக்கி. ஆறத்தான் காணல்ல."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் எங்கோ தூரத்தில் மினுங்கியது. என் நேர்வரிசைகளுக்குள் நாலு எருமைகள் ஒழுங்காக, வரிசை தப்பாமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் வாயோரத்தில் அட்டை தொங்கியது. கத்திக்கொண்டு ஓடினேன், முழங்கால்வரை புதைந்தேன். என் இடது செருப்பு இன்றுவரை அங்கேதான்.

நேரே மகேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

"அழுறதெண்டா மறுகா அழுங்க. இப்ப கன்றப் புடுங்குவம், வாங்க."

பத்துப் பன்னிரண்டு பெண்களோடு இறங்கினார். பழைய கண்டல் மரங்களின் அடியில் மட்டி ஒட்டியிருந்த உயரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "மாரிக்கும் கோடைக்கும் நடுவால தண்ணி நிக்கிற இடம் இது. இந்த மட்டத்தில நடுங்க." பொழுது மங்குமுன் எருமைக்குத் தப்பிய அத்தனையும் இடம் மாறின. எனக்குக் கிடைத்த பதவி, எருமை கலைப்பது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கன்றுகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு குனிந்து ஒரு அட்டையை வாசித்தார். (அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.)

"கரைக்கட்டிலிருந்து பத்து அடியா? நான் சேத்துக்குள்ள நாப்பது அடிக்கு மேல நடந்தெல்லோ வந்தன்?"

தவராசா அண்ணன் வானத்தைப் பார்த்தார். எனக்கு ஓடவும் வழியில்லை. கால் மறுபடி புதைந்திருந்தது. முழுவதையும் சொன்னேன்: கொப்பி, கோடு, எருமை, அக்கா.

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கன்று நட்டதுக்காக இல்ல. பிழைச்சத ஒரே நாளில திருத்த இத்தனை பேர் இறங்கினீங்களே, அதுக்காகத் தாறன்" என்று கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலி வரவில்லை. அந்தக் கண்டல்கள் இப்போது என்னைவிட உயரம். வேர்களுக்கிடையில் நண்டு ஓடுகிறது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், அன்று என்னைத் தனியே விடாத அந்தப் பெண்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் மட்டும் நிம்மதி இல்லை. நான் எந்த நாளைக் குறித்தாலும் என் மனைவி கேட்பது ஒன்றுதான்: "மகேஸ்வரி அக்காட்டக் கேட்டீங்களா?"

மகளின் கலியாணத்துக்குச் சாத்திரியார் நாள் குறித்துத் தந்தார். மனைவி அந்தத் தாளைக் கையில் வாங்காமலே அதே கேள்வியைக் கேட்டாள். போனேன். அக்கா தாளைப் பார்க்கவில்லை, வாவியைப் பார்த்தார்.

"நல்ல நாள்தான் தம்பி. பந்தல மட்டும் பெரிசாப் போடுங்க."

தாலி கட்டும்போது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒருவரும் நனையவில்லை.