ஹாரிஸ் படகை விற்ற காரணம்

பதினோரு நாள், இரண்டு மணி நேரம், பத்து நிமிடம். உலகத்தில் ஆங்கில வாசிப்புத் திறன் தன் உச்சத்தில் இருந்த காலம் இவ்வளவுதான். அது இருந்த இடம் லண்டன் அல்ல. எங்கள் மாவட்டத்தின் இரண்டாம் எண் மேல்நிலைப் பள்ளி. அதைத் தொடங்கி வைத்தவள் நான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் மூ. வேதியியல் பட்டதாரி. வேதியியல் ஆசிரியர் இடம் எதுவும் காலியாகவில்லை. அதுவரைக்கும் ஆங்கிலப் பிரிவில் வினாத்தாள் அடுக்கும் தற்காலிக வேலை. எனக்கு நான்கு பேர் முன்னால் பேச வராது. அதுவே என் தகுதி என்று சொல்லித்தான் பிரிவின் தலைவர் ஃபான் மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

வேலை எளிது. வாசிப்புப் பகுதிக்கான பத்திகள் ஒரு கோப்பில் வரும். அவற்றுக்கான பதினைந்து கேள்விகள், தேர்ந்தெடுக்க நான்கு நான்கு விடைகளோடு, இன்னொரு கோப்பில் வரும். இரண்டையும் சேர்த்து அச்சிட வேண்டும். அக்டோபர் மாதத் தேர்வன்று காகிதம் எந்திரத்தில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்து, மறுபடி ஓட்டி, ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு பிரதிகளையும் வியாழக்கிழமை பிற்பகல் சரியாக மூன்று மணிக்குத் தேர்வு அறைகளுக்கு அனுப்பிவிட்டேன்.

ஐந்து மணிக்கு மிச்சத் தாள்களை அடுக்கும்போது பார்த்தேன். ‘கீழ்க்கண்ட பத்திகளை வாசித்து விடையளிக்கவும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே நேராக முதல் கேள்வி இருந்தது: ‘ஹாரிஸ் தன் படகை ஏன் விற்றார்?’ பத்திகள் இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஃபான் மேடத்திடம் ஓடினேன்.

“மேடம், வாசிப்புப் பகுதியில...”

“என்ன, கஷ்டமா இருந்துச்சுன்னு பசங்க அழுதாங்களா?”

“இல்ல மேடம். யாரும் ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம் என்னம்மா? யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா அது நல்ல வினாத்தாள். போய் டீ குடி, மூ.”

போய்க் குடித்தேன்.

வெளியே, தேர்வு அறையைக் கண்காணித்த உடற்பயிற்சி ஆசிரியர் ஹுவோ நின்றிருந்தார். அறையில் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தேன்.

“ஒரே ஒரு பொண்ணு கை தூக்குச்சு. தேர்வுல சந்தேகம் கேக்கக் கூடாதுன்னு உட்கார வெச்சுட்டேன். பாவம், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டே இருந்துச்சு. மத்த பசங்க தங்கம்! இருபது நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.”

மறுநாள் விடைத்தாள்களை எந்திரம் படித்தது. வாசிப்புப் பகுதிக்கு முப்பது மதிப்பெண். எங்கள் பள்ளியின் வழக்கமான சராசரி பத்தொன்பது. இம்முறை இருபத்து மூன்று.

அறிவியல் படித்தவள் என்பதால் காரணத்தை ஆராய்ந்தேன். எங்கள் மாணவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். மூணு குட்டை, ஒண்ணு நெட்டை, நெட்டையைப் புடி. மூணு நெட்டை, ஒண்ணு குட்டை, குட்டையைப் புடி. எல்லாம் சமம்னா கண்ணை மூடி ‘சி’யைப் புடி. ஹாரிஸ் படகை விற்ற கேள்வியில் ‘ஏ’ அலுப்பு; ‘பி’ பணம்; ‘டி’ மழை. ‘சி’யோ, ‘பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் கட்ட வேண்டும் என்ற நெடுநாள் ஆசையை நிறைவேற்ற’. இதற்கு மேல் ஒரு மனிதன் எதற்காகப் பத்தியை வாசிக்க வேண்டும்? இத்தனை நாளும் பிள்ளைகளைக் குழப்பியது பத்திகள்தான் என்பது புள்ளிவிவரப்படி நிரூபணமாகிவிட்டது.

ஒரே ஒரு பூஜ்யம் இருந்தது. கெங் ரான். ‘ராக்கெட்’ வகுப்பு மாணவி. முதல் ஐம்பது இடங்களைப் பிடித்தவர்களுக்கான வகுப்பு அது. பதினைந்து கேள்விகளையும் வெறுமையாக விட்டுவிட்டு, விடைத்தாளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘தயவுசெய்து பத்தியைக் கொடுக்க முடியுமா?’ அன்றைக்குப் பள்ளி முழுவதிலும் வாசிப்புப் பகுதியில் ஒருவர் சொந்தமாக எழுதிய ஆங்கில வாக்கியம் அது ஒன்றுதான். அதற்கு மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை.

அந்த முப்பது போனதில் அவள் அறுநூற்றுப் பதினோராம் இடத்துக்கு இறங்கினாள். அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை தன் மேசையைத் தானே தூக்கிக்கொண்டு பதினாறாம் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் வந்துவிட்டது. பதினாறாம் பிரிவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் உண்டு. சமையற்கூடத்துக்குக் காய் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக.

திங்கட்கிழமை ஃபான் மேடம் ராக்கெட் வகுப்பில் அந்தப் பத்தியை இரண்டு பீரியட் விளக்கினார். அவர் கையில் விடைக் குறிப்பு மட்டும் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

“ஹாரிஸ் படகை விக்கிறார். இதுல என்ன தெரியுது? தியாகம். எழுதிக்குங்க.”

நாற்பத்தொன்பது பேர் சிவப்பு மையில் ‘தியாகம்’ என்று எழுதினார்கள். கெங் ரான் எழுந்தாள்.

“மேடம், அது எந்த வரியில இருக்கு?”

“வரியில இல்லம்மா. வரிகளுக்கு நடுவுல இருக்கு. பூஜ்யம் வாங்கினவங்க உட்கார்ந்து கேக்கலாம்.”

வகுப்பு சிரித்தது. நான் கடைசி பெஞ்சில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ‘வரிகளுக்கு நடுவில்’ என்று குறித்துக்கொண்டேன்.

மதியம் அவள் அச்சு அறைக்கு வந்தாள்.

“மிஸ், பத்தி யாருக்குமே இல்ல. என் பக்கத்துல இருக்கிறவகிட்ட கேட்டேன். ‘எனக்கும்தான் இல்ல, அதுக்குன்னு பதில் போடாம விடுவாங்களா லூசு’ங்கிறா.”

“அப்ப எல்லாருமா சேர்ந்து...”

“சொல்ல மாட்டாங்க மிஸ். சொன்னா அந்தப் பகுதியையே நீக்கிருவாங்க, அவங்க மார்க் போயிரும். நான் தனியா சொன்னா பூஜ்யம் வாங்கின பொறாமைம்பாங்க. நீங்க சொல்லுங்க மிஸ். நீங்கதானே அடுக்குனீங்க?”

“பார்க்கலாம்” என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதன்கிழமை முதல்வர் ஷாவ் ஆங்கில ஆசிரியர்கள் கூட்டம் போட்டார். பதினான்கு பேர் முன்னாலும் வினாத்தாள் வைக்கப்பட்டது. பதினான்கு பேரும் அதைப் புரட்டினார்கள். வாசிப்புப் பகுதிக்கு வந்ததும் பதினான்கு பேரும் ஒரே சமயத்தில் தேநீர்க் கோப்பையின் மூடியைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் ஊதும் சத்தம் மட்டும் கேட்டது.

“நாலு மார்க் ஏறியிருக்கு. நேரம் பாதியாயிருக்கு. எப்படி, ஃபான் மேடம்?”

ஃபான் மேடம் தாளை மெதுவாக மூடினார். “பத்தியோட ஆதிக்கத்தைக் குறைச்சோம் சார்.”

“எவ்வளவு குறைச்சீங்க?”

“கணிசமா.”

முதல்வர் பேனாவைத் திறந்தார். “இதுக்கு ஒரு பேர் வேணும்.”

‘நேரடிப் புரிதல் முறை’ அப்படித்தான் பிறந்தது. வெள்ளிக்கிழமையே சிவப்புத் துணிப் பதாகை ஏறிவிட்டது: ‘குறைந்த நேரம், நிறைந்த புரிதல்!’ வரைபடம் போடத் தெரிந்தவள் என்று அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அழகான வரைபடம். கோடு எங்கும் தடுமாறாமல் மேலே போனது.

“மூ, நிரந்தரப் பணிப் பட்டியல்ல உன் பேரையும் சேர்த்திருக்கேன். செவ்வாய்க்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடு” என்றார் ஃபான் மேடம்.

கெங் ரான் மேசை தூக்கும் செவ்வாயும் இதுவும் ஒரே செவ்வாய்தான்.

அதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை பிற்பகல், மாதிரி வகுப்பு. மாகாணக் கல்வித் துறையிலிருந்து அதிகாரி நியே வந்திருந்தார். ஒன்பது பள்ளிகளின் ஆசிரியர்கள் மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். மேடையோரம் திரையில் படம் மாற்றுவது என் பணி. அறிவிப்புக்கான ஒலிவாங்கியும் என் மேசையில்தான் இருந்தது. அதை நான் தொடமாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

வரைபடம் ஓடி முடிந்ததும் நியே கேட்டார்: “அருமை. அந்தப் பத்தி எதைப் பத்தினது?”

முதல்வர் ஃபான் மேடத்தைப் பார்த்தார். ஃபான் மேடம் மாணவர்களைப் பார்த்தார். வகுப்புத் தலைவன் ச்சியூ துள்ளி எழுந்தான்.

“ஹாரிஸ் ஒரு ஏழை மீனவர் சார். நூலகம் கட்டுறதுக்காகப் படகையே வித்துடறார். படிக்கும்போது எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“மீனவர் இல்ல சார், ஓய்வுபெற்ற கேப்டன்” என்றாள் இன்னொருத்தி.

“எனக்கு அவர் பல் டாக்டர் மாதிரித் தோணுச்சு சார்” என்றது பின் வரிசை.

“ஒரே பத்தி, எத்தனை புரிதல்கள் பாருங்க!” என்றார் முதல்வர். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

“பின்தங்கின மாணவர்களுக்கும் இந்த முறை உதவுமா?” என்று கேட்டார் நியே.

அதற்கும் ஏற்பாடு இருந்தது. கெங் ரானை மேடைக்கு அழைத்தார்கள். திரையில் அவளுடைய பூஜ்யத்தை நான்தான் போட்டேன். ஓர் ஆள் உயரம் இருந்தது.

“பதினஞ்சு கேள்விக்கும் ஏன் பதில் போடல?” ஃபான் மேடத்தின் குரலில் பரிவு வழிந்தது. “பயப்படாத. வாசிக்கிறதுல உனக்குச் சிரமம் இருக்கு. சரிதானே?”

அவள் திரையிலிருந்த பூஜ்யத்தைப் பார்த்தாள்.

“ஆமான்னு மட்டும் சொல்லும்மா. சொன்னாத்தானே நாங்க உதவ முடியும்? மாகாணத்துலேருந்து வந்திருக்காங்க.”

ஐந்நூறு பேர் காத்திருந்தார்கள். ராக்கெட் வகுப்பு தரையைப் பார்த்தது. கெங் ரான் என்னைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தலை மெல்லத் தாழ்ந்தது. உதடு ‘ஆ’ என்று பிரிந்தது.

மணி ஐந்து பத்து. ஒலிவாங்கி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

“தாளை அடுக்குனது நான்” என்றேன். “அதுல பத்தியே இல்ல. பிரிச்சுப் பார்த்த எல்லாருக்கும் அது தெரியும். ஆயிரத்து இருநூத்து முப்பத்தாறு பேர்ல அந்தத் தாளை வாசிச்சது இந்தப் பொண்ணு ஒருத்திதான்.”