ஃபெஸ்டஸ் துரையின் இருபத்தெட்டு ஏக்கர்

குத்தகைக்காரர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். துரைமார்களைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடக் காணோம். நேற்றுவரை சுவருக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர், இன்று சுவருக்கு உள்ளே நின்றுகொண்டு "எவன்டா அது கல்லெறியறது?" என்று அதட்டுவார். அயர்லாந்தில் எங்கள் மாயோ சீமையில், அரசாங்கம் பெரிய பண்ணைகளை விலைக்கு வாங்கிக் குத்தகைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த இனம் ஊருக்கு ஒன்றாவது முளைத்துவிட்டது. எங்கள் ஊரில் முளைத்தவர் பெயர் ஃபெஸ்டஸ் ஹெஷன்.

அவரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் உண்மையிலேயே போராடியவர். கர்னல் துரையின் பண்ணை ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர். அத்தனையிலும் கொழுத்த காளைகள் மேய்ந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆளுக்கு ஐந்தோ ஆறோ ஏக்கர் சதுப்பில், பாதி கல்லும் பாதி தண்ணீருமாக, உருளைக்கிழங்கு தேடிக்கொண்டிருந்தோம். போதாக்குறைக்கு, பூசைக்குப் போக நாங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த குறுக்குப் பாதையையும் கர்னல் ஒருநாள் பூட்டிவிட்டார். அப்போது ஒரு வண்டிமேல் ஏறி நின்று, "காளைக்குப் புல்லு, மனுஷனுக்குக் கல்லா?" என்று முழங்கியவர் ஃபெஸ்டஸ். சம்மட்டியால் அந்தப் பூட்டை உடைத்தவரும் அவரே. நாலு வாரம் ஜெயிலில் இருந்தார். திரும்பி வந்தபோது மேளதாளத்தோடு கூட்டிவந்தோம்.

பிறகு அரசாங்கம் பண்ணையை வாங்கியது. கர்னல் பெட்டி படுக்கையோடு இங்கிலாந்துக்குக் கிளம்பினார். நிலம் பிரிக்க டார்ப்பி என்றோர் அதிகாரி வந்தார். நீண்ட சங்கிலி, சுருட்டிய வரைபடம், தீராத ஜலதோஷம் மூன்றும் அவர் கூடவே வந்தன. ஊர் விவரம் தெரிந்த ஆள் யாரென்று விசாரித்தார். எல்லாரும் ஃபெஸ்டஸைக் கைகாட்டினோம். அடுத்த நாளே இரண்டு பேரும் நிலத்தைச் சுற்றி நடந்தார்கள்.

"மார்ட்டின் கைன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார் டார்ப்பி.

"தங்கமான மனுஷன் சார். தண்ணி போடாத நாள்ல."

"வின்னி மேனியன்?"

"பாவம் சார் அந்தக்கா. புருஷன் இல்ல. பெத்ததெல்லாம் கப்பலேறிப் போயிருச்சு. அது கையில நிலத்தக் குடுத்தா நிலமே அழும்."

டார்ப்பி மூக்கைச் சிந்தினார். "சரி, உங்களப் பத்தி நான் யாரக் கேக்கறது?"

"யார வேணாலும் கேளுங்க சார்!" என்று நெஞ்சை நிமிர்த்திய ஃபெஸ்டஸ், நாலடி நடந்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சார், இந்த ஊருல பொறாம ஜாஸ்தி."

டார்ப்பி ஜலதோஷக்காரரே தவிர முட்டாள் இல்லை. மார்ட்டினுக்கும் கொடுத்தார், வின்னிக்கும் ஏழு ஏக்கர் கொடுத்தார். ஃபெஸ்டஸுக்குக் கர்னல் மாளிகையின் முன்புறப் புல்வெளியே கிடைத்தது. இருபத்தெட்டு ஏக்கர், ஒரு கல் கிடையாது. வின்னியின் நிலம் அதற்குப் பின்னால். அவளும் ஊராரும் வந்துபோக, ஃபெஸ்டஸின் நிலத்து ஓரமாகவே பாதை விட்டு, வரைபடத்தில் சிவப்புக் கோடும் போட்டுவிட்டுப் போனார்.

இனி கவனமாகப் பாருங்கள். இந்த இனம் உருமாறுவதைக் கண்ணால் காண்பது அபூர்வம்.

முதல் வாரம் ஃபெஸ்டஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைச் செவ்வாய்க்கிழமையும் போட்டுக்கொண்டார். இரண்டாவது வாரம் ஒரு கைத்தடி வந்தது. கால் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், நாயை ஐரிஷில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் கூப்பிட ஆரம்பித்தார். நாய் வரவில்லை. அதற்கப்புறம், வழியில் போகிறவர்கள் தொப்பியைத் தொடுகிறார்களா என்று ஓரக்கண்ணால் கணக்கெடுக்கவும், "ஊருல மரியாத செத்துப் போச்சு" என்று பெருமூச்சு விடவும், கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "கர்னல்கிட்ட ஆயிரம் குறை இருக்கட்டும், வேலி விஷயத்துல மனுஷன் சரியாத்தான் இருந்தாரு" என்று திருவாய் மலரவும் தொடங்கினார். அவர் மனைவி டீலியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ நாலு வாரம் ஜெயிலுக்குப் போனது யாரு? அவரா, நீங்களா?"

"அது வேற, இது வேற."

இந்த இனத்தின் வேதமே இந்த நாலு வார்த்தைதான்.

வசந்தத்தில் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட் வந்தது. அதில் ஒரு பூட்டு. கன்றுக்குட்டிகள் ஓடிவிடுமாம். திறக்கச் சொன்னால் திறப்பார், ஆனால் ஒவ்வொரு தடவையும் நாம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கவும் வேண்டும்.

ஆகஸ்டில் வின்னி தன் நிலத்துப் புல்லை அறுத்தாள். அறுபத்து மூன்று வயதில், சொந்த மண்ணில் அறுத்த முதல் புல். மூன்று நாள் காயவைத்து, எடுத்து எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது ஒரே பசு. அதற்குப் பனிக்காலம் முழுக்க இதுதான் தீனி. நாலாம் நாள் மத்தியானம் மேற்கே மேகம் கறுத்தது. அவசர அவசரமாகக் கழுதைவண்டியில் பாதிப் புல்லை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். பூட்டு தொங்கியது. அந்தப் பக்கம் ஃபெஸ்டஸ், கைத்தடியோடு.

"ஃபெஸ்டஸு, தொறப்பா. மழ வருது."

"இன்னிக்கு ஒங்களுக்குத் தொறந்தா நாளைக்கு ஊரே வரும், வின்னியக்கா."

"ஊர் வரத்தானே வழி விட்டிருக்கு? அந்தப் படத்துலயே செவப்புக் கோடு இருக்கே."

"கோடு படத்துல இருக்கு. கன்னுக்குட்டி என் நிலத்துல நிக்குது. பெரிய வண்டியெல்லாம் போறதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும்."

வின்னி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு எழுதத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியாதா? நீ ஜெயில்ல கெடந்தப்ப ஒன் மாட்டுல ரெண்டு வேளையும் பால் கறந்து வெச்சது யாருடா?"

ஃபெஸ்டஸுக்குக் காது சூடாகிவிட்டது. அவர் கல் நெஞ்சர் அல்ல. ஒரு கணம் கை சட்டைப் பையிலிருந்த சாவிக்கே போய்விட்டது. ஆனால் அதே நேரம் கண் புல்வெளிக்குப் போனது. ஒரு குளம்படி இல்லாமல், சீப்பால் வாரியதுபோல, பச்சையாக, எல்லாமே அவருடையதாக அது கிடந்தது. இந்தக் கிழவி இப்படி நிற்கிறாளே என்று வந்த வருத்தம், இந்தக் கிழவி ஏன் இங்கே வந்து நிற்கிறாள் என்ற கோபமாக மாறிப்போனது. எவ்வளவு சுலபமாக மாறுகிறது, பார்த்தீர்களா?

"சதுப்புப் பக்கமா ஒரு ரோடு இருக்கில்ல, அதுல போங்க" என்றார். அந்த ரோடு நாலு மைல். அதில் ஆடு போனாலே புதையும்.

டீலியா ஈரக்கையைத் துடைத்தபடியே வீட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"சாவியக் குடுங்க."

"இது நிலச் சமாச்சாரம் டீலியா. நீ உள்ள போ."

"குடுக்காட்டி ராத்திரிச் சோறு கர்னல் மாளிகையிலயே சாப்பிட்டுக்குங்க!"

அந்த மாளிகைக்கு இப்போது கூரை கிடையாது, காக்கைதான் குடியிருந்தது. ஃபெஸ்டஸ் கொஞ்ச நேரம் தர்க்கம் செய்தார். உரிமை என்றார், ஒழுங்கு என்றார், ஒருத்தருக்கு விட்டால் என்னவாகும் என்றார். கடைசியில் சாவியைக் கொடுத்தார். முதல் வண்டி வீடு சேர்ந்தது. இரண்டாவது வண்டிக்கு வின்னியும் டீலியாவும் ஓடி, வாரி அள்ளிக்கொண்டிருந்தபோதே மழை கொட்டிவிட்டது. ஆறு நாள் விடவில்லை. மிச்சப் புல் நிலத்திலேயே கறுத்து அழுகியது.

பாதித் தீனியில் பசு பனிக்காலத்தைத் தாண்டாது. நவம்பர் சந்தையில் வின்னி அதை விற்றாள். வாங்கியது யாரென்று கேட்காதீர்கள். நல்ல கறவை, ஓட்டிப்போக வேண்டிய தூரமும் குறைவு. டீலியா அந்தப் பசுவின் பக்கமே போகவில்லை. பனியில் விரல் விறைக்க விறைக்க ஃபெஸ்டஸேதான் கறந்தார்.

விஷயம் சாமியார் காதுக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறு பூசையில் ஃபாதர் லாவெல், பெயர் சொல்லாமல், ஆனால் வேறெதையும் விடாமல், வெளுத்து வாங்கினார். நேற்று அடுத்தவன் காலடியில் கிடந்தவன் இன்று செருப்பு கிடைத்ததும் யாரை மிதிக்கிறான் என்று கேட்டார். கோயிலே திரும்பி ஃபெஸ்டஸைப் பார்த்தது. ஃபெஸ்டஸும் திரும்பி, வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த மார்ட்டின் கைனை முழங்கையால் இடித்தார்.

"ஒன்னத்தான்யா சொல்றாரு."

பூசை முடிந்ததும் வாசலில் சாமியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான பிரசங்கம் ஃபாதர். நம்ம ஊருக்குத் தேவைதான். ஒறைக்க வேண்டியவனுக்கு ஒறைச்சா சரி."

இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கும் யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். மேல்வீட்டுக்காரர், மைத்துனர், ஆபீசில் நேற்றுப் பதவி உயர்வு வாங்கியவர், யாராவது. "அச்சு அசலா அவர்தான்" என்று சிரித்திருப்பீர்கள். இதைக் கத்தரித்து அவருக்கு அனுப்பிவைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் சீக்கிரம் அனுப்புங்கள். அவரும் படித்து முடித்துவிட்டு உங்கள் முகவரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.